லினக்ஸுக்கு மாற ஒரு வரிசை உண்டு

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவுசெய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் தவணை. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் பிராசஸராக இருந்தால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 8ஆம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய லேப்டாப், கீபோர்டும் திரையும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பட்டியலில் தேறாது.

"புதுசு வாங்கிடுங்க சார்" என்பது ஷோரூமில் கிடைக்கும் பதில். "ஃபார்மேட் பண்ணி க்ராக் போட்டுத் தர்றேன்" என்பது தெருமுனை சர்வீஸ் கடையில் கிடைக்கும் பதில். முதல் வழிக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். இரண்டாவது வழியில், யார் எதைச் சேர்த்து வைத்தார்கள் என்றே தெரியாத ஒரு நகலை, வங்கி பாஸ்வேர்டு அடிக்கிற இயந்திரத்தில் ஏற்றிக்கொள்கிறோம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதில் செலவும் இல்லை, திருட்டும் இல்லை. அதுதான் லினக்ஸ்.

"கேள்விப்பட்டிருக்கேன், அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு" என்று பலர் இந்த இடத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் மாறுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றிப்போடுகிறவர்கள்தான் சிரமப்படுகிறார்கள். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், லினக்ஸ் என்பது என்ன? பட்டனை அழுத்தியதும் கணினியை எழுப்புவது, எந்தச் செயலிக்கு எவ்வளவு மெமரி என்று பங்கிடுவது, ஃபைல்களை வட்டில் அடுக்குவது, பிரின்டரோடும் வைஃபையோடும் பேசுவது எல்லாம் இயங்குதளத்தின் வேலை. அதன் நடுவில் உட்கார்ந்து வன்பொருளை ஆளும் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கர்னல்தான் லினக்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஎன்யு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். யாருக்கும் கட்டுப்படாத ஒரு முழு இயங்குதளம் அதன் இலக்கு. கர்னலைத் தவிர மற்றப் பகுதிகள் பலவும் அங்கே தயாராகிக்கொண்டிருந்தன. 1992இல் டோர்வால்ட்ஸ் தன் கர்னலை ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்தன.

அந்த உரிமம் நமக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது. மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம். அது எப்படி இயங்குகிறது என்று உள்ளே திறந்து படிக்கலாம். நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். திருத்தலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். "எனக்கு நிரல் எழுதத் தெரியாது, இதில் எனக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் ஒரு நிஜக் கதையில் இருக்கிறது.

ஓபன்ஆஃபீஸ் என்று ஒரு அலுவலக மென்பொருள் இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000இல் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. இனி இதன் கதி என்னவாகும் என்ற கவலை அதை உருவாக்கியவர்களிடையே பரவியது. அவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் கூடி, லிப்ரேஆஃபீஸை அறிவித்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவை இருக்கவில்லை, உரிமமே அனுமதி. இன்று கோடிக்கணக்கானோர் பயன்படுத்துவது அந்த லிப்ரேஆஃபீஸைத்தான். நிறுவனம் கைமாறினாலும் கடையைக் கட்டினாலும் நம் மென்பொருள் சாகாது என்பதுதான், நிரல் எழுதத் தெரியாதவருக்கு அந்த நான்கு உரிமைகளால் கிடைக்கும் பலன்.

"சும்மா கொடுத்தால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?" என்பது அடுத்த சந்தேகம். கர்னலை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிற பொறியாளர்கள். அந்த நிறுவனங்களின் வியாபாரமே இதன்மேல் நிற்கிறது. ரெட் ஹாட் விற்பது மென்பொருள் பராமரிப்புச் சேவை. அதை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. தினமும் உங்கள் கையில் இருப்பதைத்தான் மேசைக்கும் கொண்டுவருகிறீர்கள்.

இனி வரிசைக்கு வருவோம். பலர் என்ன செய்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் விண்டோஸை அழித்து லினக்ஸைப் போடுகிறார்கள். திங்கட்கிழமை வேர்டைத் தேடுகிறார்கள், எக்செல்லைத் தேடுகிறார்கள், தமிழ் கீபோர்டைத் தேடுகிறார்கள். எல்லாம் ஒரே நாளில் அந்நியமாகிவிட, வெள்ளிக்கிழமைக்குள் சர்வீஸ் கடைக்குப் போய் விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொள்கிறார்கள். நாம் நாள் முழுக்கப் புழங்குவது இயங்குதளத்தோடு அல்ல, அதன்மேல் ஓடும் செயலிகளோடு. ஆகவே முதலில் செயலிகளை மாற்ற வேண்டும், பிறகு இயங்குதளத்தை.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது பிரான்ஸ் நாட்டின் ஜான்தார்மரி காவல்படை. 2005இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை விட்டு ஓபன்ஆஃபீஸுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலிக்கும் மாறினார்கள். இவை எல்லாம் நடந்தது விண்டோஸின் மேல்தான். 2008இல்தான் உபுண்டு லினக்ஸுக்கு நகரத் தொடங்கினார்கள். அதற்குள் காவலர்களின் கை புதிய செயலிகளுக்குப் பழகிவிட்டது. கீழே இருந்த தளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. பல்லாயிரம் கணினிகள் இன்றும் அப்படியே ஓடுகின்றன. ஒரு தேசியக் காவல்படைக்குப் பொருந்திய வழி ஒரு வீட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே முதல் படியில் விண்டோஸைத் தொடாதீர்கள். அதிலேயே லிப்ரேஆஃபீஸை நிறுவுங்கள். கடிதத்துக்கு ரைட்டர், கணக்குக்கு கால்க், ஸ்லைடுக்கு இம்ப்ரெஸ். வேர்டு, எக்செல் ஃபைல்களை அது திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். சில இடங்களில் பக்க அமைப்பு நகரலாம். பெரும்பாலும் காரணம், அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாததுதான். காலிப்ரிக்கு ஈடாக கார்லிட்டோ, காம்ப்ரியாவுக்கு ஈடாக காலடியா என்று அதே அகல அளவில் செய்த கட்டற்ற எழுத்துருக்கள் உண்டு. அவை இருந்தால் வரிகள் பெரும்பாலும் இடம் மாறாது. எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும், எல்லா மேக்ரோவும் கால்க்கில் ஓடாது. ஒரு பழக்கத்தையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் கடிதங்களை ஓடிடி (.odt) வடிவில் சேமியுங்கள், வெளியே அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஓடிடி, 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் வடிவத்தைச் சேர்ந்தது. எந்த ஒரு நிறுவனத்தின் தயவும் இல்லாமல் நாளையும் திறக்கும்.

படம் பார்க்க விஎல்சி பலரிடம் ஏற்கெனவே இருக்கும். எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கல்லூரியின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது. புகைப்படம் திருத்த கிம்ப், போஸ்டர் வரைய இங்க்ஸ்கேப், குரல் பதிய ஆடாசிட்டி. முப்பரிமாணப் படைப்புக்கு பிளெண்டர். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவானதுதான். இலவசம் என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பவருக்கு அந்த ஒரு படமே போதும். இவை அத்தனையும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஓரிரு மாதம் இவற்றோடு வேலை செய்யுங்கள். எது ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி, எதையும் நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது. புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் சின்னமன் பதிப்பு. கர்னலையும் திரைச் சூழலையும் செயலிகளையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருகிறவற்றில் அதுவும் ஒன்று. பிரான்ஸைச் சேர்ந்த கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கியது, உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. இடது மூலையில் மெனு, அடியில் பட்டை, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு வழி தெரியும். 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். மிகப் பழைய கணினி என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள்.

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். இறக்கியது முழுமையானதுதானா, இடையில் யாரும் கைவைக்கவில்லையா என்று உறுதிசெய்ய அந்தத் தளமே ஒரு சரிபார்ப்பு எண் தருகிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறிய கருவியால் அதை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும், வெறும் பென்டிரைவை எடுங்கள். அதைச் செருகி, கணினியை மறுபடி தொடக்கி, எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்) எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடத்தில் லினக்ஸ் முழுசாகத் திரையில் வந்துவிடும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் நீங்களாகக் கைவைக்காதவரை அதில் ஒரு எழுத்துகூட மாறாது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

இந்த நிலையில் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? கேமரா, மைக் வேலை செய்கிறதா? மூடியை மூடித் திறந்தால் கணினி எழுகிறதா? பிரின்டர் அச்சடிக்கிறதா? பென்டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சில வைஃபை சிப்புகளுக்கு மட்டும் தனி டிரைவர் தேவைப்படும். மின்ட்டில் அதற்கென்றே டிரைவர் மேனேஜர் உண்டு. சில பழைய லேசர் பிரின்டர்கள்தான் உண்மையான தலைவலி. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாம் படி நிறுவுவது. அதற்கு முன் புகைப்படம், சான்றிதழ், கணக்கு என்று இழக்கக் கூடாத எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, அதில் உள்ள நிறுவும் செயலியைத் திறந்தால் அது உங்களைக் கேட்கும்: விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கட்டுமா, அல்லது முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளட்டுமா? இடம் இருந்தால் முதலில் பக்கத்துப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கணினி எழும்போது எது வேண்டும் என்று கேட்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், அதை மாற்றி ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு அதில் நிறுவுவது இன்னும் நல்லது. பழைய லேப்டாப்பின் மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் அந்த டிஸ்க்தான். கழற்றிய டிஸ்க்கே உங்கள் பழைய ஃபைல்களின் காப்பாகவும் இருக்கும்.

உள்ளே வந்தபின் மாற வேண்டிய பழக்கம் ஒன்றுதான். விண்டோஸில் ஒரு செயலி வேண்டுமென்றால் கூகுளில் தேடி, கண்ட தளத்திலிருந்து இறக்கி, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டுவோம். இங்கே மென்பொருள் மேலாளரைத் திறந்து, பெயரை அடித்து, நிறுவு என்று சொன்னால் போதும். சரிபார்த்துக் கையொப்பமிட்ட களஞ்சியத்திலிருந்து அது வரும். அப்டேட்டும் அப்படித்தான், இயங்குதளம், உலாவி, லிப்ரேஆஃபீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வரும், வேலைக்கு நடுவில் கணினி தானாக அணைந்து எழாது. மின்ட்டின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு அப்டேட் உண்டு. டைம்ஷிஃப்ட் என்ற கருவியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குச் சிஸ்டத்தைக் கொண்டுபோகும். அது சிஸ்டத்துக்கு மட்டும்தான், உங்கள் ஃபைல்களுக்குத் தனி நகல் வேண்டும். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ்கள் இங்கே ஓடுவதில்லை. ஆனால் ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான். அங்கே நம் எச்சரிக்கைதான் காப்பு.

தமிழ் அடிப்பது எப்படி? மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால், ஐபஸ் அமைப்பில் தமிழின்கீழ் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு என்று பல முறைகள் இருக்கும். தமிழ்99, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு. உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து வலக்கையில், பல இடங்களில் புள்ளி தானாக விழும். புதிதாகக் கற்பவர்கள் அதையே கற்கலாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். லினக்ஸுக்காக மட்டுமல்ல, எதிர்காலத்தில் தேடவும் பகிரவும் அதுதான் வழி. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற டெசராக்ட் இருக்கிறது. அதற்குத் தமிழ் தெரியும். விரும்பினால் மெனுக்களின் பெரும்பகுதியைத் தமிழிலேயே பார்க்கலாம். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தவர்கள் தன்னார்வத் தமிழர்கள். அவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பக்கத்தில் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கணினிப் பாடம் நடப்பதே லினக்ஸில்தான்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள், ஃபோட்டோஷாப்பிலோ ஆட்டோகேடிலோ பிழைப்பு நடத்துகிறவர்கள் விண்டோஸை விட முடியாது. அந்த மென்பொருள்கள் லினக்ஸுக்கு வருவதில்லை. யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையொப்பம் போடும் தணிக்கையாளர்களும் ஒப்பந்ததாரர்களும், தங்கள் டோக்கனும் அரசுத் தளமும் ஒத்துழைக்கின்றனவா என்று சோதிக்காமல் மாறக் கூடாது. சில ஆன்லைன் விளையாட்டுகளும் ஓடாது. இவர்கள் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் உலாவி, மின்னஞ்சல், கடிதம், கணக்கு, படம், பாட்டு, பிள்ளைகளின் படிப்பு என்பதோடு முடிகிற வீட்டுக் கணினிகள்தான் பெரும்பாலானவை. அவற்றுக்கு லினக்ஸ் முழுதாகப் போதும்.

காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. நாம் உழைத்து வாங்கிய ஒரு பொருள் எப்போது குப்பைக்குப் போக வேண்டும் என்பதை வேறொருவர் ஒரு தேதி குறித்துச் சொல்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளை க்ராக் போட்ட மென்பொருளில் கணினியைக் கற்கவும் வேண்டியதில்லை. நேர்மையாகக் கிடைக்கிற நல்ல மென்பொருள் இருக்கும்போது அதைக் காட்டுவது பெரியவர்களின் கடமை.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் விண்டோஸிலேயே லிப்ரேஆஃபீஸை நிறுவி, அடுத்த கடிதத்தை அதில் எழுதுங்கள். அது பழகியபின் பென்டிரைவை எடுங்கள். மாறி நிலைத்தபின், உங்கள் தெருவில் தூக்கிப்போட இருக்கும் ஒரு லேப்டாப்பை இதே வரிசையில் இன்னொரு வீட்டுக்கு மீட்டுக் கொடுங்கள். நகலெடுத்துக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.